பயணிகளின் கவனத்திற்கு

எங்கள் வீட்டுச் சின்ன அறையிலிருந்து
டோக்கியோவுக்குப் பதின்மூன்று மணி நேரம்.
ரஷ்ய வானம் மூடியதிலிருந்து
நிஜ விமானங்களைப் போலவே
கௌகோவும் வடதுருவத்தின் மேலாகத்தான் போகிறான்.
குறுக்கே போனால் யார் கேட்கப் போகிறார்கள் என்றேன் ஒருநாள்.
பொய்க் கணக்கு எழுதச் சொன்னவளைப் போல
என்னைத் திரும்பிப் பார்த்தான்.

குளிர்காலம் முழுக்க ஔலுவின் தெருக்களில்
பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவன்.
சனிக்கிழமைகளில் இருநூற்று எழுபது பேரை ஏற்றிக்கொள்கிறான்,
அத்தனை பேரும் இல்லாதவர்கள்.
அவர்களின் எடைக்கும், அவர்களின் பெட்டிகளின் எடைக்கும்
எரிபொருள் கணக்குப் போடுகிறான்
பென்சிலால்.

ஐந்தரைக்கு ஹெல்சிங்கியை விட்டோம்.
நான் துணி உலர்த்தி முடிப்பதற்குள்
பின்லாந்து முடிந்திருந்தது.
எட்டு மணிக்குச் சாப்பாடு.
விமானிகள் இருவரும் ஒரே உணவைச் சாப்பிடக் கூடாதாம்,
கெட்டுப்போயிருந்தால் இருவரும் சுருண்டுவிடுவார்களாம்.
ஆகவே அவனுக்கு மீன் சூப்பு,
எனக்கு நேற்றைய முட்டைக்கோஸ்.
நான் துணை விமானி என்பது
எனக்கே அப்போதுதான் தெரியும்.

ஒன்பதரைக்குத் துருவம் வந்தது.
வந்தது என்றால், ஓர் எண் தொண்ணூறானது,
வடக்கே போய்க்கொண்டிருந்தவர்கள்
திரும்பாமலே தெற்கே போகத் தொடங்கினோம்.
"கீழே பார்" என்றான்.
இருட்டு.
"அத்தனையும் பனி.
ஒருத்தனும் போன் போட்டு வழிக்கச் சொல்ல மாட்டான்."

ஒரு மணிக்கு அந்த அறையில் சூரியன் எழுந்தது,
தெற்கிலிருந்து.
இஸ்திரி மேசையின் காலில், அவன் தாடையில் ஆரஞ்சு.
ஜன்னலுக்கு வெளியே நவம்பர் இரவு.
அதில் ஏதோ விழ ஆரம்பித்திருந்தது.
இருவரும் பார்த்தோம்.
இருவரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

இரண்டு மணிக்குக் கைபேசி.
பேரிங் நீரிணைக்கு மேலே நின்று காலுறை தேடினான்.
"எதையும் தொடாதே. நிறுத்த மட்டும் செய்யாதே."
பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட நிறுத்தியதில்லை.
காய்ச்சலோடு ஓட்டியிருக்கிறான்.
தங்கை கல்யாணத்தன்று காலை
சாண்டியாகோவில் எல்லாரையும் இறக்கிவிட்டு வந்துதான்
கோட்டு மாட்டினான்.

அப்புறம் இருநூற்று எழுபது பேரும் நானும்.

மூன்றரைக்கு அவன் வண்டி எங்கள் தெருவில் வந்தது.
சுழல்விளக்கு கூரையில் ஓடி
திரையின் வெயிலோடு கலந்து பிரிந்தது.
வேகம் குறைக்கவில்லை.
எங்கள் வாசல் வந்தபோது மட்டும்
பனி குவியாதபடி தகட்டைச் சற்றே திருப்பிப் பிடித்தான்.
நகராட்சிக்குத் தெரிய வேண்டாம்.

ஆறு மணிக்கு ஒரு மணியோசை,
லிப்ட் வந்து நிற்பதுபோல மெதுவாக.
இறங்கத் தொடங்க வேண்டிய இடம்.
கூப்பிட்டேன். எடுக்கவில்லை.
மறுபடி கூப்பிட்டேன்.
விமானத்துக்கு ஒன்றும் தெரியாது.
இதே உயரத்தில் டோக்கியோவைத் தாண்டும்,
பசிபிக்கின் மேல் போய்க்கொண்டே இருக்கும்,
பென்சில் கணக்கு தீரும்வரை.

அழுத்தினேன்.

மேகம் நின்றது. இறக்கை நுனியின் விளக்கு
எரிந்தபடியே நின்றது.
என்ஜின் சத்தம் போன பிறகுதான்
சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி ஓடுவது கேட்டது.

ஏழேமுக்காலுக்கு வந்தான். பூட்ஸிலிருந்து தண்ணீர்.
கதவருகே நின்று திரையைப் பார்த்தான்.
என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.
கையுறையோடு உட்கார்ந்தான்.
"பயணிகளிடம் சொன்னாயா?"
"இல்லை."
"சொல்ல வேண்டாமா?"

நைட்டியோடு எழுந்து நின்று
துணிக்கொடியைப் பார்த்துச் சொன்னேன்:
தாமதத்துக்கு வருந்துகிறோம்.
வழியில் பனி.
கேப்டன் இப்போதுதான் வந்து சேர்ந்தார்.

மிச்சமிருந்த மீன் சூப்பைச் சூடாக்கினேன்.
ஒரே கிண்ணம்தான் கழுவியிருந்தது.
இரண்டு கரண்டி போட்டேன்.
அவன் விதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.